கடைவாய்ப் பல்லுக்கு ராகுகாலம்

— இறங்குங்கோ.

— பொறும்.

— என்ன பொறும்? பத்தரைக்கு அப்பொயின்ட்மென்ட். காரை நிப்பாட்டி, திறப்பையும் கழட்டிப்போட்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்.

— இண்டைக்கு வெள்ளிக்கிழமை, வதனா.

— அதுக்கு?

— பத்தரையிலை இருந்து ராகுகாலம்.

— பல்லுப் பிடுங்கவும் ராகுகாலமோ!

— பிடுங்கிறதோ? அடைக்கிறது எண்டெல்லோ சொன்னனீர்!

— அடைக்கிறதுதான்... டொக்டர் பாத்துப்போட்டுச் சொல்லுவா.

— பாரும், வாசலிலையே கதை மாறுது.

— கலியாணத்துக்கு நாள் பாத்தியள், வீடு குடிபூரப் பாத்தியள், சரி. பல்லு டொக்டரிட்டைப் போக ஆராவது...

— மல்லாக்கப் படுக்கவைச்சு வாய்க்குள்ளை துளைக்கிற அலுவல். அதுக்குத்தான் முக்கியமாப் பாக்கவேணும்.

— விசர்க்கதை கதையாதேங்கோ. தைப்பொங்கலிலை இருந்து ஒரு பக்கத்தாலைதான் சப்புறியள். என்ரை பயித்தம் பணியாரத்தைத் தேத்தண்ணிக்குள்ளை ஊறப்போட்டுத் தின்னுறியள். நான் கவனிக்கேல்லை எண்டு நினைச்சியளோ?

— உம்மடை பயித்தம் பணியாரத்தை நல்ல பல்லு இருக்கிறவனும் ஊறப்போட்டுத்தான்...

— என்ன?

— ...ஊறப்போட்டால் நல்ல ருசி எண்டு சொல்ல வந்தன்.

— வந்தனீங்கள். இஞ்சேருங்கோ, பகிடியை விட்டிட்டுக் கேளுங்கோ. நான் பென்சன் எடுத்தாச்சு. இந்த மாசத்தோடை என்ரை வேலையாலை கிடைச்ச பல்லு இன்சூரன்ஸ், கண்ணாடி இன்சூரன்ஸ் எல்லாம் முடியுது. பேந்து அந்தக் கடைவாய்ப் பல்லுக்குக் கைக்காசுதான்.

— அரசாங்க வேலை. பென்சன் எடுத்தாலும் வைச்சிருக்கலாம் எண்டு கேள்வி.

— வைச்சிருக்கலாம். மாசாமாசம் பென்சனிலை வெட்டுவாங்கள். நான் வேண்டாம் எண்டு விட்டிட்டன்.

— நீரோ?

— ஓம், நான்தான்.

— ஒருக்கா விட்டால் பேந்து சேரவிடமாட்டாங்கள் எண்டு, ஒப்பீசிலை இருந்து போன ஒவ்வொருத்தருக்கும் நீர்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னனீர்! அருள்நாயகத்தாருக்கு ஃபோன் எடுத்து, அண்ணை பல்லை மட்டும் விட்டிடாதேங்கோ எண்டு சண்டையே பிடிச்சனீர்.

— அது... அவருக்கு முழுப் பல்லும் பழுது.

— எனக்கு?

— உங்களுக்கு ஒண்டுதான் பழுது. இண்டைக்கு அதைச் செய்துபோட்டால் பேந்தென்னத்துக்கு இன்சூரன்ஸ்?

— ம்... பெரிய கணக்குத்தான்.

— என்ன, ஒரு மாதிரிச் சிரிக்கிறியள்?

— ஒண்டுமில்லை. இன்சூரன்ஸ் முடியப்போகுது எண்டால் எங்கடை சனம் ஓடுற ஓட்டத்தை நினைச்சன். மார்க்கம் நகரிலை இருக்கிற என்ரை தம்பியைப் பாரும். கண்ணிலை ஒரு குறையுமில்லை, வருசக் கடைசியிலை ஓடிப்போய்க் கண்ணாடி எடுத்தவன்.

— போதாததுக்குக் காலுக்குச் சப்பாத்து, முதுகுக்கு மசாஜ்.

— அப்ப நாங்கள் மட்டும் ஏன் விடுவான்? முடிய முன்னம் நீரும் ஒரு கண்ணாடி எடுமன். பாரும், ஒரே பிளாசாதான். இந்தத் தொங்கலிலை பல்லு, அந்தத் தொங்கலிலை கண், நடுவிலை கொத்துரொட்டிக் கடை.

— எனக்கென்னத்துக்குக் கண்ணாடி?

— சரி, அந்தக் கடைப் போர்ட்டிலை என்ன எழுதியிருக்கு?

— எந்தப் போர்ட்?

— உதிலை, நேர முன்னாலை.

— ...கொத்துரொட்டி.

— அது நான் இப்ப சொன்னதாலை சொல்லுறீர்.

— ஐயோ, உங்களோடை! லைசென்ஸ் புதுப்பிக்க வந்த எத்தினை பேரை என்ரை கவுண்டரிலை அந்தக் கண் மெசினுக்குள்ளை பாக்கவைச்சு எழுத்து வாசிக்கச் சொன்னனான். என்ரை கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதோ? வேலையை விடுற கிழமை கூட ஆரும் இல்லாத நேரம் நானே குனிஞ்சு பாத்தனான். ஒரு எழுத்துப் பிழையில்லை.

— அந்த எழுத்தெல்லாம் உமக்கு மனப்பாடம், வதனா. கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவீர். கேள்வித்தாளை முன்னமே பாத்திட்டுச் சோதினை எழுதின மாதிரி.

— நீங்கள் முதல் உங்கடை பல்லைப் பாருங்கோ.

— சரி, ஏன் இப்ப காரைத் தொடுறேல்லை?

— பென்சன்காரி நான். ட்ரைவர் வைச்சிருக்கிறன்.

— ட்ரைவருக்குச் சம்பளம்?

— பயித்தம் பணியாரம்.

— அதுதான் பல்லும் போச்சு... பென்சன் எடுக்க முன்னமே நீர் கார் ஓடுறதை விட்டிட்டீர். பனிக்காலம் முழுக்க நான்தான் கொண்டுபோய் இறக்கினனான். அது மட்டுமோ? கோயில், கடை, எங்கை போனாலும் என்ரை கையை விடாமல் பிடிச்சுக்கொண்டு வந்தனீர். அருள்நாயகத்தார் கூட, என்ன பாக்கியராசா புது மாப்பிள்ளை மாதிரித் திரியிறாய் எண்டு கேட்டவர்.

— வழுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சால் அவரோ வந்து சமைப்பார்?

— நான் குறை சொல்லேல்லை. எனக்கு அது நல்லாத்தான் இருந்தது.

— வெக்கமில்லாமல் கதையாதேங்கோ, யன்னல் திறந்து கிடக்கு.

— பிரியாவிடை அண்டைக்கு எல்லாரும் எழுதித் தந்த கார்ட்டை ஏன் பக்கத்துக் கவுண்டர் கிளடிஸைக் கொண்டு வாசிப்பிச்சனீர்?

— எனக்கு அழுகை வந்திடும் எண்டு.

— அழுதது கிளடிஸ். நீர் சிரிச்சுக்கொண்டு நிண்டனீர்.

— இஞ்சேருங்கோ, கதையை மாத்தாதேங்கோ. ராகுகாலம் எண்டியளே... எந்தக் கலண்டரிலை பாத்தனீங்கள்?

— குசினிக்குள்ளை கொழுவிக் கிடக்கிறதிலை.

— அது உங்கடை அக்கா கோண்டாவிலிலை இருந்து அனுப்பினது! அதிலை இருக்கிறது யாழ்ப்பாணத்து ராகுகாலம்.

— எங்கை இருந்தாலும் ராகு ராகுதானே.

— சூரியன் எழும்புற நேரத்தை வைச்செல்லோ கணக்கு! இஞ்சை இந்த மாசம் சூரியன் வெள்ளன வந்து, ராச்சாப்பாட்டுக்கும் நிண்டுதான் போகுது. ரொறன்ரோவிலை இண்டைக்குப் பதினொண்டரைக்குக் கிட்டத்தான் ராகுகாலம் தொடங்குது. கோயில் ஐயரே சொன்னவர்.

— அப்ப நான் இவ்வளவு காலமும்...

— யாழ்ப்பாணத்து ராகுவுக்குப் பயந்து ஸ்காபரோவிலை சீவிச்சிருக்கிறியள்.

— அட... அப்ப இப்ப நல்ல நேரமோ?

— தங்கமான நேரம்.

— மெய்யாத்தானோ?

— சத்தியமா. பல்லுக்காரர் இன்னும் கூப்பிடாமல் இருக்கிறதே பெரிய விசயம். இறங்குங்கோ.

— அப்ப நீர் இறங்கும்.

— நானென்னத்துக்கு?

— பதினொரு மணிக்குக் கண் டொக்டரிட்டை உமக்கு அப்பொயின்ட்மென்ட். என்ரை பல்லை அடுத்த கிழமைக்கு மாத்திப்போட்டன்.

— என்னது! அப்ப இவ்வளவு நேரமும் ராகு ராகு எண்டு...

— பதினொண்டாகுமட்டும் உம்மைக் காருக்குள்ளை வைச்சிருக்க வேறை என்னத்தைச் சொல்லுறது?

— உங்களுக்கு விசரே? இந்த மாசம் முடிஞ்சால் பல்லுக்கு இன்சூரன்ஸ் இராது!

— இருக்கும்.

— இராது எண்டு சொல்லுறன்!

— பல்லும் கண்ணும் ரெண்டும், எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து, பென்சனிலை வெட்டச் சொல்லி நீர் அப்பவே சொல்லிப்போட்டீராம். கார்ட் வாசிச்சு முடிஞ்ச கையோடை கிளடிஸ் என்னட்டை வந்து, உன்ரை மனிசி கெட்டிக்காரி எண்டவ.

— ...கிளடிஸுக்கு வாய் நிக்காது.

— என்னை வெருட்டித்தானே கொண்டுவந்தனீர்?

— வெருட்டாட்டி வருவியளோ? ஊசியைக் கண்டால் ஒளிக்கிற ஆள்.

— வரமாட்டன். நானும் அதைத்தான் யோசிச்சன். என்ரை பல்லைச் சொல்லாட்டி நீர் இந்தப் பிளாசாப் பக்கமே வரமாட்டீர்.

— அம்மாவுக்கும் கண் உப்பிடித்தான் மங்கத் தொடங்கினது.

— தெரியும். இடம்பெயர்ந்து ஓடித்திரிஞ்ச நேரம். மாமியைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு டொக்டர் இல்லை. இஞ்சை, பாரும், கதவுக்கு முன்னாலை கொண்டுவந்து விட்டிருக்கிறன்.

— அதுதான் பயமாக் கிடக்கு. பாத்தால், அம்மாவின்ரை வருத்தம் எனக்கும் இருக்கு எண்டு சொல்லிப்போடுவாங்கள்.

— சொன்னால் ரெண்டு பேருமாக் கேப்பம். எனக்கும்தான் பயம். ராவிலை நீர் தண்ணி குடிக்க எழும்பினால், சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி வருமட்டும் நான் முழிச்சுத்தான் கிடக்கிறன்.

— நித்திரை எண்டெல்லோ நினைச்சன்...

— நீர் அப்பிடி நினைக்கவேணும் எண்டுதான் குறட்டை விட்டனான்.

— கள்ளன்... உள்ளுக்கு வருவியளோ?

— பின்னை? வந்து பக்கத்திலை நிப்பன். நீர் எழுத்துகளை மனப்பாடத்திலை சொன்னால் டொக்டரிட்டைக் காட்டிக்குடுப்பன்.

— அடுத்த கிழமை நானும் வந்து நிப்பன். வாயைத் திறக்காட்டி இருக்கு உங்களுக்கு.

— சரி, சரி. நேரமாகுது, இறங்கும்.

— இந்தப் பக்கம் சுத்தி வாங்கோ.

— ஏன்? பென்சன்காரிக்கு ட்ரைவர் வந்து கதவும் திறக்கவேணுமோ?

— கதவை நான் திறப்பன். கையைத் தாங்கோ... பனிக்காலம் முழுக்க வழுக்குது வழுக்குது எண்டு பொய் சொல்லித்தானே பிடிச்சனான். நடைபாதை எங்கை உயருது எண்டு எனக்கு அப்பவே தெரியிறேல்லையப்பா.