பெயர் மட்டும்தான் சொன்னேன்

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்குக் குளிர் கொஞ்சம் அதிகம். அதனால்தான் மேல் அறையை வாடகைக்கு விட்டபோது அஞ்சனாவுக்கென்று தனியாக ஒரு ஹீற்றர் வாங்கி வைத்தேன். எந்த வீட்டுக்காரி அப்படிச் செய்வாள்? இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒஃபிசர்.

என் பெயர் கிளறிற்றா. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. நேபாளத்தின் சித்வனிலிருந்து வந்த அஞ்சனா என்னோடு மூன்று வருடம் இருந்தாள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவளுக்கும் வேலை எடுத்துக் கொடுத்தேன். தமிழும் என்னிடம்தான் பழகினாள். அவள் 'அன்ரி' என்று கூப்பிட்டால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றே ஆட்கள் நினைப்பார்கள்.

தீபேஷை அவள் என்னிடம் மறைக்கவில்லை. பிளம்ஸ்ரெட்டில் சமையல்காரன், அவளுடைய நாட்டவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மோமோ அவித்துக்கொண்டு வருவான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி நேராக வைப்பான். குறை சொல்ல முடியாத பெடியன். தீஜ் நோன்பன்று அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் செய்தாள். நல்ல கணவன் வேண்டி அவர்களுடைய பெண்கள் பிடிக்கும் நோன்பு அது. விஷயம் முற்றிவிட்டது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

"அன்ரி, ஜனவரியில நான் தீபேஷோட போய் இருக்கப் போறன்," என்றாள். "வீட்டில இப்ப சொல்ல ஏலாது. நாங்கள் செத்ரி சாதி, அவர் விஸ்வகர்மா. அவர் தொட்ட தண்ணியை அப்பா குடிக்கமாட்டார்."

நல்லது பிள்ளை என்றேன்.

ஒருமுறை அவள் என் போனில் அண்ணனோடு பேசியிருந்தாள். இலக்கம் அதிலேயே கிடந்தது. மறுநாள் கூப்பிட்டேன். யாரைப் பற்றியும் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. தீபேஷ் விஸ்வகர்மா என்று பெயரை மட்டும்தான் சொன்னேன். அண்ணன் மரியாதையாக நன்றி சொன்னார். அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லி அவளை அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டார். ரிக்கெற் நானே போட்டேன்.

ஹீத்ரோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மாவுக்கு உண்மையாவே ஏலாதோ, அன்ரி?"

"ஓம் பிள்ளை. நானே கதைச்சனான்."

பதினோராம் நாள், பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலால் நீட்டிய போனிலிருந்து எடுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பாஸ்போர்ட்டையும் போனையும் அண்ணா எடுத்திட்டார். அறையைப் பூட்டி வைக்கினம். வெள்ளிக்கிழமை கலியாணமாம், ஆளை நான் கண்டதே இல்லை. உங்கட நம்பர் மட்டும்தான் எனக்குப் பாடம், தீபேஷிட்டைச் சொல்லுங்கோ. பொலிசுக்குச் சொல்லுங்கோ, அன்ரி."

"சொல்லுறன். பயப்பிடாதை."

அன்று பின்னேரமே தீபேஷ் வந்தான். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். "அவள் விரும்பித்தான் கட்டுறாள் தம்பி, உம்மை மறக்கச் சொன்னவள்," என்றேன். அவன் கோப்பையைத் தொடவில்லை. அழுதுகொண்டு போனான். பாவமாகத்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். அவன் போய்க் கூட்டிவந்தால் நேரே பிளம்ஸ்ரெட்டுக்குத்தான் கொண்டுபோவான். விரும்பாத கலியாணம் எத்தனை நாளைக்கு? முறித்துக்கொண்டு வருவாள். வரும்போது வீட்டாரும் இல்லை, அவனும் இல்லை. என்னைத் தவிர அவளுக்கு யார் இருப்பார்கள்?

வியாழக்கிழமை அறையைத் திறந்த நேரம் பார்த்து அவள் மொட்டை மாடிக்கு ஏறி, சேலையைக் கட்டி இறங்கப் பார்த்தாளாம். அவ்வளவு அவசரப்படுவாள் என்று நான் நினைக்கவில்லை. விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் தீபேஷைத் தேடிப் பிடித்து எல்லாம் சொன்னாள். அதனால்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒன்றுதான் கேட்கிறேன். அவளை இங்கே கொண்டுவந்தால் என்னிடம் விடுங்கள். படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரித்து எனக்குப் பதினாறு வருடப் பழக்கம். கீழே முன்னறையில் கட்டில் போட்டுவிட்டேன். இனி அவள் என்னை விட்டு எங்கும் போகமாட்டாள்.