மூன்று மில்லிமீட்டர்

புதுக் கண்ணாடி போட்ட முதல் வாரத்தில் குறை சொல்லாத ஆளே கிடையாது, இன்ஸ்பெக்டர் மேடம். தலை சுற்றுகிறது, தரை பள்ளமாகத் தெரிகிறது, மூக்கில் தழும்பு விழுகிறது என்று வந்து நிற்பார்கள். “பழகிடும்” என்று சொல்லித் துடைத்துக் கொடுத்தால் போதும். பத்தில் ஒன்பது பேருக்குப் பழகிவிடும். இருபது வருஷமாகக் கடை அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடுகிறது. காப்பகத்தம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன்.

தண்ணீர் வேண்டாம். சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் முடிந்தால் கொஞ்சம் படுக்கலாம்.

என்னை வளர்த்தவர்கள் கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும். நான் தத்துப்பிள்ளை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. பெற்றது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. முதலில் அப்பா போனார். போன மழைக்காலத்தில் அம்மாவும் போனார். பீரோவைக் காலி செய்தபோது, பழைய கண்ணாடிக் கூடு ஒன்றில் மூக்குக்கண்ணாடிக்குப் பதில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது.

பெற்றவள் எழுதிக் கொடுத்த சம்மதம். வயது பத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை, குழந்தையை இன்னாருக்குக் கொடுக்கிறேன். அதன் கீழே அம்மாவின் கையெழுத்தில் ஒரு நிபந்தனை. நாங்கள் உயிரோடு இருக்கும்வரை கடைப் பக்கம் வரக்கூடாது, வீட்டுப் பக்கம் வரக்கூடாது, உறவு சொல்லக்கூடாது. அதற்கும் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு வார்த்தையை அடிக்கவில்லை, திருத்தவில்லை. கோடு பிசகாத, நேரான கையெழுத்து. அதைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயர் எங்கள் வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில், வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம். முப்பது வருஷத்துக்கு மேல் அவர்தான் அங்கேயே குடியிருந்து நடத்தினார். “அந்தம்மா இடுப்புல உக்காந்து வளர்ந்தவன் நான்” என்று என் கடை நாற்காலியில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கெல்லாம் முகம் கோணாமல் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறேன். யார் யார் பிள்ளைகளுக்கோ மூக்குச் சிந்திவிட்ட கை. இரண்டு தெரு மட்டும் அந்தக் கைக்கு எட்டவில்லை.

அம்மா போய் ஒரு மாதம் கழித்து, ஒரு பகலில், அவர் கடைக்குள் வந்தார். முதல் தடவை.

“படிக்க முடியல மா. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது” என்றார்.

“உக்காருங்கம்மா” என்றேன். வயதான பெண் யார் வந்தாலும் எங்களுக்கு அம்மாதான். அவரையும் அப்படியே கூப்பிட்டேன். கஷ்டமாக இல்லை.

பரிசோதித்தேன். தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று, இரண்டும் ஒரே கண்ணாடியில் வேண்டும். அதில் குறுக்கே ஒரு கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். கோட்டுக்கு மேலே தூரம், கீழே எழுத்து. ஃப்ரேமை முகத்தில் மாட்டி, கீழ் இமை ஓரத்தில் பேனாவால் புள்ளி வைப்போம். கோடு அங்கே உட்கார வேண்டும். அதைவிட மேலே ஏறினால், கீழே பார்க்கிறபோதெல்லாம் எழுத்துக்கு வைத்த பவர் வழியாகத்தான் பார்ப்பார்கள். காகிதம் நன்றாகத் தெரியும். படிக்கட்டு தெரியாது.

நான் புள்ளியை இரண்டு மில்லிமீட்டர் மேலே வைத்தேன்.

கை தவறவில்லை. எனக்குக் கை தவறாது.

பத்து நாளில் திரும்பி வந்தார். “படி இறங்குறப்ப தரை எழும்பி வருதும்மா. கால் எங்க வைக்கறதுன்னு தெரியல.”

“பழகிடும்மா.”

“எனக்கா, படிக்கா?” என்று சிரித்தார்.

மறுபடி உட்காரவைத்தேன். காதோரம் முடியை ஒதுக்கி, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மறுபடி புள்ளி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். “மூடினா எப்படிம்மா அளக்கறது?” என்றதும் திறந்தார். புது லென்ஸில் கோடு இன்னொரு மில்லிமீட்டர் ஏறியது. ஆக மூன்று. அதற்கு மேல் போனால் கண்ணாடிக் கடை வாசலை மிதித்த எவருக்கும் தெரிந்துவிடும்.

அவரைத் துன்புறுத்த வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஒருநாள் தடுமாறுவார், பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று அப்போதாவது தோன்றும், எனக்குச் சொல்லி அனுப்புவார். இதுதான் என் கணக்கு. நியாயமான கணக்கு என்றுதான் இன்றைக்கும் படுகிறது.

அவர் விழவில்லை. மாதம் இரண்டு தடவை வந்தார். ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது என்பார், காதில் அழுத்துகிறது என்பார். ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருக்கும். திருகி விட்டதுபோல் காட்டி மாட்டிவிடுவேன். பதினோரு மாதம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு முறை தொலைபேசி அடித்தபோதும் அதுதான் என்று எடுத்தேன். அதாக இல்லை. எனக்குச் சலித்துவிட்டது, மேடம்.

போன வாரம் வந்தபோது கைப்பையைத் திறந்து கைக்குட்டை எடுத்தார். உள்ளே அவருடைய பழைய கண்ணாடி இருந்தது. அவர் விழாத காரணம் புரிந்தது. படி இறங்கப் பழசு. கடை வாசலில் நின்று புதுசை மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறார்.

மறுநாள் காலையில் நானே கூப்பிட்டேன். “கண்ணாடியச் சரி பண்ணித் தரேன், வாங்கம்மா” என்றேன். கோட்டை உரிய இடத்துக்கு இறக்கிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன். லென்ஸ் வரவழைத்து வைத்திருந்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை.

அரை மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸ் கடையைத் தாண்டிப் போனது. நான் ஒருவருக்கு ஃப்ரேம் காட்டிக்கொண்டிருந்தேன். காட்டி முடித்துவிட்டுத்தான் போனேன்.

அவர் வீட்டுக்குக் கீழே தையல் கடை இருக்கிறது. படியில் விழுந்து உயிர் போய்விட்டது என்று, தையல்காரம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “உன் கடைக்குக் கிளம்பறதுன்னா அவங்களுக்குக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பற மாதிரிடி. நல்லா இருக்கற கண்ணாடில ஸ்க்ரூ போயிடுச்சும்பாங்க. ஏன்கா, அந்தக் கடைக்காரி ஒழுங்கா போட்டுத் தர மாட்டாளான்னு நான் திட்டுவேன். ‘திட்டாத, அது என் பொண்ணு. அவ வந்து என் முகத்தத் தொடறா இல்ல, அது போதும். அவளாச் சொல்றப்ப சொல்லட்டும்’பாங்க. உனக்குத் தெரியாதாடி?”

“தெரியாதுக்கா” என்றேன். அது மட்டும்தான் இன்றுவரை நான் சொன்ன பொய்.

நீங்கள் அந்தக் கண்ணாடியை மேசையில் வைத்து, கோட்டை அளந்து, மூன்று மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டீர்கள். சரியான அளவு. ஆனால் அவர் அதனால் சாகவில்லை. பதினோரு மாதம் அதோடு பத்திரமாகத்தான் இருந்தார். அன்றைக்குத் தொலைபேசியில் பேசியதையும் எழுதிக்கொள்ளுங்கள், விட்டுப்போக வேண்டாம்.

“பழசப் போட்டுட்டு வரட்டுமாம்மா? படில எனக்கு அதான் தோது” என்று கேட்டார்.

“வேணாம்மா. புதுசையே வீட்டுலேயே மாட்டிக்கிட்டு, மாட்டினபடியே இறங்கி வாங்க. பழச எடுத்துட்டு வராதீங்க” என்றேன்.

“சரி மா” என்றார்.

நிபந்தனை எதுவானாலும் ஒரு வார்த்தை மறுக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். நான்தான் அந்தத் தாளைப் படித்திருந்தேனே.