வாங்கில் இருத்தப்பட்டவர்

பிக்கரிங் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருவர், ஒரே வேர்ஹவுஸின் ஜாக்கெட்டோடு. இளையவன் போனில் அமெரிக்கன் ஃபுட்போல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான்.

“காயம் பட்டிடுமெண்டு ரீமின்ர மெயின் ஆட்டக்காரனை, குவாட்டர்பாக்கை, விளையாட விடாமல் வாங்கில இருத்திப்போட்டாங்கள், அண்ணை.”

“நல்ல மனுசர் போல.”

“நல்ல மனுசரோ! காயப்பட்டா அடுத்த வருசமும் சம்பளம் குடுக்கவேணுமெண்டு கொன்ராக்ட்டில கிடக்கு. அதுக்கு முதல் அவனை ரீமை விட்டுக் கலைக்கப் பாக்கிறாங்கள். அவன் வழக்குப் போட்டிட்டான்.”

மூத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“எனக்கும் இண்டைக்கு சுப்பவைசர் சொன்னவர். நாரி நோவெண்டா வீட்டில நில்லுங்கோ, பிறகு கூப்பிடுறன் எண்டு.”

இளையவன் போனை அணைத்தான்.

“அண்ணை, உங்களை வாற மாதமெல்லோ பெர்மனன்ட் ஆக்கவேணும்?”

“ஓம்.”

ரயில் மெதுவானது.

“நான் அந்தாளுக்குத் தாங்ஸும் சொல்லிப்போட்டெல்லோ வாறன்.”