வெள்ளைக் குளிசைக்குச் சொன்னது

ஆட்டுப்பால் தேநீர் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் மிடறு கொஞ்சம் மொச்சை மணம் அடிக்கும், மிசி. இரண்டாவது மிடறில் சரியாகிவிடும். சீனி இல்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொள்ளுங்கள். சண்டையில் பாதை பூட்டிய நாளிலிருந்து கொடிகாமத்துப் பக்கத்தில் சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றையும் மறந்துதான் சனம் சீவிக்கிறது.

நீங்கள் இந்தப் பகுதிக்குப் புதிதாக வந்த மருத்துவிச்சி. வந்ததும் வராததுமாக வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று அறிந்தேன். பிறசருக்குக் கொடுக்கிற மருந்துக் குளிசையைப் பிள்ளை பெற்ற பெண்கள் ஏன் எறிகிறார்கள், அது தாய்ப்பாலை நஞ்சாக்கும் என்ற கதையை யார் தொடக்கினது என்று. எல்லோரும் என் வீட்டுப் படலையைக் காட்டியிருக்கிறார்கள். சரிதான், நான்தான் தொடக்கினேன். இதுவரை யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒளித்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

உங்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் இரத்தினம்மா. இந்த வீட்டில் நானும் என் தங்கச்சி குணலட்சுமியும் மட்டும்தான் இருந்தோம். அம்மா சாகும்போது குணத்துக்கு ஆறு வயது. தலை இழுத்துப் பின்னி, சட்டை தைத்து, பள்ளிக்கூடம் விட்டு, கடைசியில் தம்பிராசாவைப் பார்த்துக் கட்டி வைத்ததும் நான்தான். எனக்குப் பார்க்க ஆளில்லாமல் போய்விட்டது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, சங்கக்கடை என்று வெளி அலுவல் எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போகிறவள் நான். வீட்டில் இருந்தவள் அவள். அப்படியே பழகிவிட்டோம்.

தம்பிராசாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வழி கிடைத்தபோது வந்து போவார். குணம் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது ஐந்தாம் மாதத்தில் கால் வீங்கிப் பிறசர் ஏறியது. சாவகச்சேரியில் கதிரவேலு டொக்டர் மஞ்சள் நிறக் குளிசை எழுதிக் கொடுத்தார். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது செய்யுமோ என்று இவள் பயந்து அழுதாள். அவர் கோபிக்கவில்லை. “எல்லாப் பிறசர்க் குளிசையும் வயித்திலை பிள்ளையோடை போடேலாது, பிள்ளை. சிலது கருவைப் பழுதாக்கும். இது அப்பிடியில்லை, கர்ப்பிணிகளுக்கெண்டே நாங்கள் குடுக்கிறது” என்று பொறுமையாகச் சொன்னார். அவளும் ஒழுங்காகப் போட்டாள். ஆண் குழந்தை, ஒரு பழுதும் இல்லாமல் பிறந்தான். தாதி அவனைத் துடைத்து முதலில் என் கையில்தான் தந்தாள். தாய் மயக்கத்தில் இருந்தாள்.

இதோ உங்கள் காலடியில் தவழ்கிறானே, இவன்தான்.

பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் முடிய அவள் பிள்ளையோடு கிளாலியால் கொழும்புக்குப் போவதாக இருந்தாள். அந்தக் கடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வள்ளத்தில் ஏறின சனமெல்லாம் மறுகரையில் இறங்கினதா என்ன. பச்சைக் குழந்தையை அதில் ஏற்றுவது எந்த விதத்தில் நியாயம். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு நீ போ, பாதை திறந்ததும் நான் கொண்டு வந்து தருகிறேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். “பால் குடிக்கிற பிள்ளையை எப்பிடியக்கா விட்டிட்டுப் போறது?” என்றாள். அவள் அதை விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் நின்றுவிட்டது. அவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் ஆடும்தான். வெளியே போக எனக்கு ஒரு வழியும் இல்லை, கொழும்பில் என்னைக் கூப்பிட ஒருவரும் இல்லை.

பிள்ளை பெற்ற துடக்கு கழியும்வரை அவள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. அதனால் குளிசை முடிந்தபோது டொக்டரிடம் நான்தான் போனேன். குளிசைக்குச் சரியான தட்டுப்பாடு. முன்வீட்டு மார்க்கண்டர் தன் நெஞ்சு வருத்தத்துக்குப் போடுகிற வெள்ளைக் குளிசையில் கொஞ்சம் தந்துவிட்டிருந்தார். எங்கள் ஊரில் டொக்டரைத் தவிர எல்லோரும் வைத்தியர். அதையும் கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல மனத்தோடுதான் காட்டினேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கதிரவேலு டொக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “உந்த வெள்ளையைக் குடுத்துப்போடாதேங்கோ. இது பாலுக்குள்ளை இறங்கும். பச்சைக் குழந்தையின்ரை நெஞ்சுத்துடிப்பைக் குறைச்சுப்போடும். பிள்ளை சோர்ந்துபோய்ப் பால் குடியாமல் கிடக்கும்” என்றார். பிறகு தன் மேசை லாச்சியைத் திறந்து, யாருக்கோ வைத்திருந்த மஞ்சள் குளிசையை எடுத்துச் சுற்றித் தந்தார். “இதைப் போட்டுக்கொண்டு தாராளமாப் பால் குடுக்கலாம், ஒண்டும் செய்யாது. பிள்ளை பிறந்திட்டுது எண்டு நிப்பாட்டிப்போடாதேங்கோ. பெத்தாப்பிறகுதான் சிலருக்குப் பிறசர் கூட ஏறும். தலையிடி, கண் மங்கல் எண்டால் உடனை கொண்டு வாங்கோ” என்றார்.

வருகிற வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டுதான் சைக்கிள் மிதித்தேன். வீட்டுக்கு வந்து அறை வாசலில் நின்று, மஞ்சள் குளிசையை அவள் கையில் கொடுத்து, வெள்ளைக் குளிசைக்கு டொக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல்லும் நானாகச் சேர்க்கவில்லை, மிசி. பாலுக்குள் இறங்கும், நெஞ்சுத்துடிப்பைக் குறைக்கும், பிள்ளை சோர்ந்து கிடக்கும். எல்லாம் அவர் வாயால் வந்ததுதான். வயிற்றில் இருந்தபோது பிழையில்லாத குளிசை இப்போது எப்படிப் பிழையாகும் என்று கேட்டாள். அது வேறு, பால் வேறு என்றேன். நம்பிவிட்டாள். நான் சொல்லி அவள் நம்பாதது எதுவும் இல்லை.

நான் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன். அவள் குளிசை போடுவாள், சுகமாக இருப்பாள். பிள்ளை என் கையால் ஆட்டுப்பால் குடித்துப் பழகுவான். பிறகு அவள் புருசனிடம் போகலாம், பிள்ளை பாதுகாப்பாக இங்கே இருக்கலாம். யாருக்கும் நட்டமில்லை. பால்மா இல்லாத ஊரில் வேறு என்ன வழி இருக்கிறது. பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சி, கரண்டியால் துளித்துளியாக ஊட்டினேன். இரண்டு நாள் குடித்தான். என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குடித்தான். அந்த இரண்டு நாளும் நான் பட்ட சந்தோசத்தை இந்த வயதுவரை பட்டதில்லை. அவள் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதது எனக்குக் கேட்டதுதான். பால் கட்டினால் நோகும், பிறகு வற்றிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவன் கரண்டியைத் துப்பினான். வயிறு நிறைந்த பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். அடுத்த நாள் அவளுடைய சேலையைத் தோய்க்கும்போது தலைப்பு முடிச்சில் மஞ்சளாகக் கரைந்த கறை இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். நான் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, பக்கத்தில் நின்று போட வைத்த குளிசைகள். கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்து, நான் இந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்து முடிந்திருக்கிறாள். குளிசையா பிள்ளையா என்று வந்தபோது அவள் பிள்ளைக்குப் பால் கொடுப்பதையே தெரிந்தெடுத்திருக்கிறாள், என்னிடம் மறைத்து. அவளும் எனக்குப் பொய் சொன்னவள்தான். அதை யாரும் கணக்கில் எடுக்கப் போவதில்லை. எனக்குச் சரியான கோபம் வந்தது. கறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயப்போட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. எப்படிச் சொல்வது. அந்தக் குளிசை பாலுக்குப் பிழையில்லை என்று சொன்னால், அப்போ முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாள். அவளை வளர்த்தவள் நான். அவள் என்னை அப்படிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. அவளுக்கு அறைக்குள் வழியில்லை, எனக்கு அறைக்கு வெளியே வழியில்லை.

ஒரு நாள் அவளே வழி கேட்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “அக்கா, டொக்டர் வடிவாச் சொன்னவரோ? எனக்காக இன்னொருக்காப் போய்க் கேட்டுப் பாருங்கோவன். வேறை குளிசை ஏதும் இருக்கோ எண்டாவது” என்றாள். சரியென்று சைக்கிளை எடுத்தேன். கொடிகாமம் சந்தையில் பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறிக்கு முருங்கைக்காயும் கருவாடும் வாங்கினேன். சாவகச்சேரிப் பக்கம் சைக்கிளைத் திருப்பவில்லை. போய் வருகிற நேரம் கழியட்டும் என்று ஒரு மர நிழலில் இருந்துவிட்டு வந்தேன்.

“கேட்டனீங்களோ அக்கா?” என்றாள்.

“ஓம், கேட்டனான். அதைத்தான் திருப்பியும் சொன்னவர். வேறை குளிசை இல்லையாம்” என்றேன்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுக் குனிந்து பிள்ளையின் தலையைத் தடவினாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

பிறகு தலையிடி தொடங்கியது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தேன், நெற்றிக்குப் பற்றுப் போட்டேன், யன்னலைச் சாத்தி வெயில் படாமல் பார்த்துக்கொண்டேன். என்னைப் போல் யார் பார்த்திருப்பார்கள். கொண்டு வாருங்கள் என்று டொக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் கொண்டுபோனால் அவர் அவளோடு நேரில் கதைப்பார்.

பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் வலிப்பு வந்தது. பிள்ளை நழுவ முந்தி நான் பிடித்துவிட்டேன். மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஒன்றைப் பிடித்து ஏற்றிப் போனோம். பின்னேரம் அவள் சீவன் போய்விட்டது. மூளையில் இரத்தப் பெருக்கு என்றார்கள். கதிரவேலு டொக்டர் ஓடி வந்து, “குளிசை ஒழுங்கா எடுத்தவவோ?” என்று என்னிடம் கேட்டார். “ஓம் ஐயா, என்ரை கையாலைதான் குடுத்தனான்” என்றேன். அதில் பொய் இருக்கிறதா, சொல்லுங்கள். அவர் தான் தந்த மருந்து போதாமல் போய்விட்டதென்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். நல்ல மனுசன், எனக்குப் பாவமாக இருந்தது.

தம்பிராசாவால் எட்டாம் நாள் சடங்குக்கும் வந்து சேர முடியவில்லை. பிந்தி வந்தபோது பிள்ளை என் மடியில் நித்திரை. “இனி நீங்கள்தான் மச்சாள் அவனுக்குத் தாய்” என்று என் கையைப் பிடித்து அழுதுவிட்டு, பிள்ளையை விட்டுவிட்டுக் கடலால் திரும்பினார்.

செத்த வீட்டுக்கு வந்த பெண்கள், தாய் இருக்கும்போதே ஏன் ஆட்டுப்பால் கொடுத்தாய் என்று கேட்டார்கள். அவர்களுக்கும் நான் அதையே சொல்ல வேண்டியிருந்தது. பிறசர்க் குளிசை பாலுக்குக் கூடாது என்று டொக்டர் சொன்னவர் என்று. அங்கிருந்துதான் கதை பரவியது. பிறகு பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியும் குளிசையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிக் கேட்டாள். ஒருத்திக்கு மாற்றிச் சொன்னாலும், அப்போ குணலட்சுமிக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி நாளைக்கு இவன் காதிலும் விழும். ஒரு பிள்ளையின் மனம் உடையக் கூடாது என்பதற்காகத்தான் நான் ஒரே சொல்லில் நிற்கிறேன்.

பக்கத்து வளவுப் பராசக்தியை உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே அவளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தீர்கள். அவளுக்கும் அதே மஞ்சள் குளிசை. போன கிழமை வேலிக்கு மேலால் காட்டி, “இரத்தினமக்கா, இதைப் போட்டுக்கொண்டு பால் குடுக்கலாமோ?” என்று கேட்டாள். கூடாது என்றேன். அவள் குளிசையை நிப்பாட்டிவிட்டுப் பால் கொடுக்கிறாள். அவளும் தாய்தானே. காலையில் தலையிடி, கண் மங்குகிறது என்றாள். மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்து உங்களுக்குப் படலை திறந்தேன்.

ஏன் மிசி எழும்புகிறீர்கள். ஆறுதலாக இருங்கள். அவளுக்குப் பொம்பிளைப் பிள்ளை, வடிவான பிள்ளை. எதற்கும் யோசிக்காதே என்று அவளிடம் நான் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். தாயில்லாத பிள்ளையை வளர்க்க எனக்குத் தெரியும்.