மிதிச்சா எரியுற லைட்டு

– இன்னும் மிதிங்கண்ணே. இன்னும் கொஞ்சம். ஆங், எரிஞ்சிருச்சு பாத்தீகளா!

– இதைத்தான்யா ஒரு மாசமா நானும் பாத்துக்கிட்டிருக்கேன். மெதுவாப் போனா ஒண்ணும் இல்ல. வேகம் எடுத்து மிதிச்சா எஞ்சின் படம் போட்ட மஞ்ச லைட்டு எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. பாண்டிமுருகா, மதியத்துக்குள்ள நான் சிவகங்கைப் பத்திர ஆபீஸ்ல நிக்கணும். புரியுதா?

– ஏங்க, அந்தத் தம்பியை விரட்டாதீக. நிதானமாப் பாக்கட்டும்.

– நீ வாயை மூடு ரேணுகா. புதுவயல்லேர்ந்து நேராப் போயிருப்பேன். காரைக்குடியில காட்டிட்டுப் போவோம், காட்டிட்டுப் போவோம்னு உசிரை வாங்குனவ நீதான்.

– நடுவழியில நின்னா யாரு தள்ளுறது? நாந்தான?

– முன்னாடி யாருகிட்டயும் காட்டுனீகளாண்ணே?

– ரெண்டு பேருகிட்டக் காட்டுனேன். ஒருத்தன் பிளக்கை மாத்துனான், இன்னொருத்தன் சென்சாரை மாத்துனான். லைட்டு மட்டும் அப்படியே எரியுது.

– ஸ்கேனர்ல காத்து பத்தலைன்னு காட்டுதுண்ணே. மெதுவாப் போறப்ப எஞ்சினுக்குக் கொஞ்சம் மூச்சு போதும். மிதிச்சா நெறைய இழுக்கும். இழுக்குறப்ப எங்குட்டோ அடைக்குது, காலை எடுத்தா விட்டுருது.

– பைப்பு போயிருக்கும்.

– பைப்பைப் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு.

– தம்பி, அந்தக் கறுப்பு டப்பாவைத் திறந்து பாத்தீகளா?

– ஏர் ஃபில்டர் டப்பாவா அக்கா? அதைத்தான் அடுத்துத் திறக்கணும்.

– உனக்கு என்னடி தெரியும் டப்பாவைப் பத்தி?

– கண்ணு இருக்குல்ல எனக்கும்.

– நாலு கிளிப்புத்தாண்ணே, கையாலயே கழண்டுக்கிரும். இந்தா வந்துருச்சு... அண்ணே!

– என்னய்யா? எலியா?

– எலி இல்லண்ணே. மஞ்சத் துணி. முடிச்சுப் போட்டிருக்கு. நீங்க மிதிக்கிறப்ப காத்து இதை இழுத்துக்கிட்டுப் போயி வழியில ஒட்ட வைக்குது. அதான் லைட்டு.

– எந்தக் களவாணிப் பய வச்சான்? அவுத்துப் பாருய்யா.

– நீங்களே அவுருங்கண்ணே. எனக்கு என்னமோ நல்லதாப் படல.

– குடு இங்குட்டு. மண்ணு கெடக்கு. ஒரு காசு... பாதிக் காசு.

– வெட்டுன காசுண்ணே. கொல்லங்குடிக் காசு. நான் தொட மாட்டேன், எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு.

– ஏதோ தகரத் துண்டு. இதுக்குப் போயி...

– தகரமாங்க அது? அநியாயம் பண்ணுனவுக பேரைச் சொல்லி, காளியாத்தா வாசல்ல வச்சு வெட்டுன காசு. ஒரு துண்டை ஆத்தாகிட்டப் போட்டுட்டு, இன்னொரு துண்டை உங்களுக்குன்னு கொண்டாந்து வச்சிருக்காக. மண்ணைப் பாருங்க, நம்ம கெணத்து மேட்டு மண்ணு மாதிரி தெரியுது.

– அக்காளா? பொன்னுத்தாயியா?

– நான் யாரு பேரையும் சொல்லல.

– அவதான். தேவகோட்டையில விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிக்கிட்டு, ஒண்ணுந்தெரியாதவ மாதிரி இருந்து இந்த வேலை பாத்திருக்கா.

– அவுக ஏன் அங்க போயிப் பொங்குறாக? புருசன் செத்த பொம்பளையை, பென்சனுக்குக் கைநாட்டு வையின்னு கூட்டிட்டுப் போயி, நிலத்தை எழுதி வாங்குனது யாரு? அதுல பாதியை வித்துத்தான இந்த வண்டி வந்துச்சு? மிச்சம் இருக்குறது கெணத்து மேடு ஒண்ணுதான். அதையும் முடிச்சுவிடத்தான இப்பப் போறோம்.

– வெளியாளு முன்னாடி பேசாத.

– வீட்டுக்குள்ள பேசுனப்ப அறைஞ்சீக.

– அண்ணே, வேலை முடிஞ்சிருச்சு. இப்ப மிதிச்சாலும் எரியாது. சிவகங்கைக்குத் தாராளமாப் போகலாம்.

– போகலாங்கிற... ஏய்யா, காசு வெட்டுனதுல எவனுக்கோ கை விழுந்துருச்சுன்னு சொன்னாகளே, நெசமா?

– கையி மட்டுமாண்ணே விழுந்துச்சு? அந்தாளு இப்பப் படுத்த படுக்கை.

– ரேணுகா, எனக்கு இடது கை ஒரு மாசமாவே மதமதன்னு இருக்குடி.

– எங்கிட்டச் சொல்லவே இல்லையே.

– வாயுன்னு நெனச்சேன். நிலம் வாங்குறவருக்குப் போனைப் போடணும். இன்னைக்கு வரலைன்னு சொல்லிர்றேன்.

– இன்னைக்கு மட்டுமா, என்னைக்குமா?

– என்னைக்குந்தான்! கெணத்து மேட்டை அவ பேருக்கே எழுதிக் குடுத்துர்றேன், போதுமா? அவ வாயால "விட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். தேவகோட்டைக்குத் திருப்புவோம்.

– இப்பவாவது, செஞ்சது தப்புன்னு தோணுச்சே.

– தப்பென்ன தப்பு? கை போயிட்டா எனக்கு யாரு சோறு ஊட்டுறது, நீயா? இரு, எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கிட்டு வாரேன். கடை எங்கிட்டுய்யா இருக்கு?

– அங்குட்டு மெயின் ரோட்டுல இருக்குண்ணே. வாங்க, நானும் வாரேன். இந்த முடிச்சுக்குப் பக்கத்துல என்னால நிக்க முடியாது.

– போயிட்டு வாங்க. நான் வண்டியில இருக்கேன்.

– அலோ, யாரு?

– மதினி, ரேணுகா பேசுறேன். கொஞ்சம் அடுப்பை விட்டுத் தள்ளி வாங்க. உங்க தம்பி அங்க வாராரு.

– எதுக்கு ஆத்தா? இன்னும் எதுல கைநாட்டு வைக்கணுமாம்?

– கெணத்து மேட்டை உங்களுக்கே தரப்போறாரு மதினி. நீங்க கொல்லங்குடியில காசு வெட்டிட்டீகன்னு நடுங்கிக்கிட்டு வாராரு. வெட்டலைன்னு மட்டும் சொல்லிராதீக.

– அடி ஆத்தி! நான் வெட்டுவேனா அவனுக்கு? என் இடுப்புல கெடந்து வளந்தவன் ஆத்தா.

– நீங்க வெட்ட மாட்டீக மதினி. அதான் நான் போயி வெட்டுனேன்.

– கழுத்துல தாலியை வச்சுக்கிட்டாடி?

– கழட்டி வச்சிட்டுத்தான் போனேன். இன்னும் எடுத்துப் போடல.