ஜப்பானில் பிறந்த அமெரிக்க வண்டி

போடிமெட்டுக்கு ஏறும் பஸ்சு பாதி மலையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. உட்கார முடியவில்லை, இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. முன் இருக்கையின் குரல் ஒன்று பிடித்து நிறுத்தியது.

"மச்சான், நீங்க வாங்கியிருக்கிற அமெரிக்கா மோட்டார் சைக்கிளு ஜப்பான்ல பொறந்தது."

சொன்னவர் பட்டாளத்தோடு ஜப்பான் வரை போய் வந்தவர். கேட்டவர் ஏலக்காய் வியாபாரி. மகளுக்குச் சீராக அந்த வண்டியைக் கொடுக்கவிருப்பவர்.

"பேரு அமெரிக்காக்காரன் பேருதானே, மாப்ளே?"

"பேரும் அச்சும் அவன் குடுத்தான். பட்டறை போட்டுச் செஞ்சது ஜப்பான்காரன். நானே அங்க ஓட்டியிருக்கேன்."

"மலையாளச் சீமையில வெளைஞ்ச காயைப் போடிக் காய்னுதானே விக்கிறோம்? எவன் கேட்டான்?"

"சம்பந்தி கேப்பாரு. அமெரிக்கா வண்டி வந்தாத்தான் தாலின்னு சொன்ன மனுசன்."

வியாபாரி மடியிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து, நகத்தால் கீறி, விதையின் கறுப்பைப் பார்த்தார்.

"அப்ப மாப்பிள்ளைப் பையனையே இந்த மலையில ஓட்டிப் பாக்கச் சொல்லுவோம். மெட்டு ஏறிட்டா அமெரிக்கா வண்டி."

"நின்னுட்டா?"

பஸ்சு உறுமிக் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு மேல் வியாபாரி கத்திச் சொன்னார்:

"நின்னுட்டா வண்டியும் நம்மளுது, பொண்ணும் நம்மளுது!"