எலிக்குக் கட்டிய கம்பி

எனது பெயர் வாரியெம், வயது 46, க/பெ ஜுமாங்கின். நான் கிழக்கு ஜாவாவில் வாதுலெங்கர் கிராமம், வாய்க்கால் தெருவில் குடியிருந்து வருகிறேன். விவசாயம் செய்கிறோம். பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருப்பதால் வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். இறந்துபோன துகிரான் எங்கள் வயலை ஒட்டிய வயல்காரர். அவர் மனைவி கஸியெமும் நானும் நடவுக்கும் அறுப்புக்கும் ஒன்றாகப் போகிறவர்கள். துகிரான் இறந்தது தொடர்பாக விசாரிக்க அழைத்ததன் பேரில் இன்று ஆஜராகி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்ற இரண்டு போகமும் எலி தின்றது போக எங்களுக்கு வைக்கோல்தான் மிஞ்சியது. அதனால் இந்தப் போகத்தில் என் கணவர் மற்றவர்களைப் போலவே வயலைச் சுற்றி மூங்கில் குச்சி நட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கம்பி கட்டி, வீட்டிலிருந்து கரண்டு கொடுத்தார். அதற்கான சுவிட்சு எங்கள் சமையற்கட்டுச் சுவரில் இருக்கிறது. கம்பியில் கரண்டு ஓடும்போது வயல் மூலையில் கம்பத்தில் விளக்கு எரிய வேண்டும், விளக்கு எரிந்தால் யாரும் வரப்பில் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க் கூட்டத்தில் பேசி வைத்த கட்டுப்பாடு. சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

எங்களுக்கும் துகிரானுக்கும் நடுவில் உள்ள வரப்பு பற்றி என் கணவருக்கு மனத்தாங்கல் இருந்து வந்தது. துகிரான் மண்வெட்டியால் தன் பக்கம் சீவிச் சீவி வரப்பைக் குறுக்கிவிட்டதாக அவர் சொல்லி வந்தார். சம்பவத்துக்கு முன்தினம் காலையில் வாய்க்கால் மதகடியில் எல்லாரும் நிற்கும்போது என் கணவர் துகிரானிடம், "வரப்பு தேஞ்சுக்கிட்டே போகுதே. எலி தின்னுதா, மனுசன் தின்னுறானா?" என்று கேட்டார். அதற்குத் துகிரான், "உன் பக்கம் எலி, என் பக்கம் நண்டுண்ணே. நடுவுல மாட்டுன வரப்பு பாவம், அது யாருகிட்ட போய் அழுவும்?" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு மதியம் நான் சோறு கொண்டுபோனபோது, எங்கள் வயலுக்குள் இருந்த கம்பியை அவர் பிடுங்கி, நடுவரப்பின் மேலேயே குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஏன் என்று கேட்டதற்கு, "என் வரப்பு, என் கம்பி" என்றார். அதன் பிறகு பொழுது சாயும் நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து வயல் விளக்கின் பல்பை எடுத்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். கேட்டதற்கு ஃப்யூஸ் போய்விட்டதாகச் சொன்னார். அதன் பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்று எங்கள் சமையற்கட்டு விளக்கும் கெட்டுப்போயிருந்ததால், சும்மா பார்க்கலாம் என்று அந்த விளக்கை மாட்டினேன். அது நன்றாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் சோயாவில் செய்த தெம்பேயை வறுத்து, அவருக்குச் சோறு போட்டேன். "இது நல்லாத்தானே எரியுது? கொண்டுபோய் மாட்டிட்டு வாங்களேன். விடியறதுக்கு முன்ன துகிரானுக்குத் தண்ணி முறை ஆச்சே" என்றேன். அவர் தட்டிலிருந்து முகத்தை எடுக்காமல், "தண்ணி முறை யாருக்குன்னு எனக்கும் தெரியும். தின்னுட்டுப் படு" என்றார். நான் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். சுவிட்சு என் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது.

மறுநாள் காலைத் தொழுகைக்குப் பிறகு வயல் பக்கம் கூச்சல் கேட்டது. என் கணவர் எழுந்து முதலில் சுவிட்சை அணைத்தார். அதன் பிறகு சமையற்கட்டு விளக்கைக் கழற்றிக் கைலி மடிப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே போய்ச் சேர்ந்தபோது விளக்கு கம்பத்தில் இருந்தது. எல்லார் கண்ணும் நடுவரப்பில்தான் இருந்தது. துகிரான் நடுவரப்பில் குப்புறக் கிடந்தார். மண்வெட்டியைப் பிடித்திருந்த கை விரல்களைப் பிரிக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதன் பிறகு கிராமத் தலைவர் வந்து, மற்றவர்கள் உடலைத் தூக்கிப் போனதும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். விளக்கு எரிந்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள். தலைவர், "எரியிற விளக்கைப் பாத்துக்கிட்டே போயிருக்கான். விதி இழுத்துட்டுப் போச்சு, யாரை என்ன சொல்ல" என்றார். மதியத்துக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். டவுனிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த துகிரானின் அண்ணன் புகார் கொடுத்ததால்தான் இந்த விசாரணை என்று தெரிந்துகொண்டேன்.

ஏழாம் நாள் தொழுகைச் சமையலுக்கு நான் கஸியெம் வீட்டுக்குப் போய் அவளோடு உட்கார்ந்து தேங்காய் துருவினேன். அப்போது அவள், "அக்கா, உன் அடுப்படியில இருந்து பாத்தா தெரியுமே. அன்னிக்கு லைட்டு எரிஞ்சுதா?" என்று கேட்டாள். எரிந்தது என்று சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்திவிட்டு, "அப்போ தெரிஞ்சேதான் போயிருக்காரு" என்றாள். அதன் பிறகு அவளே சொன்னது: முதல்நாள் ராத்திரி அவரோடு சண்டை போட்டு, "எங்கேயாவது போய்த் தொலை, நானாவது நிம்மதியா இருப்பேன்" என்று சொல்லியிருக்கிறாள். "நான் சொன்னதுக்குத்தான் போயிட்டாரு அக்கா. மண்வெட்டியை எடுக்கையில ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. நான் தூங்குற மாதிரி கிடந்தேன்" என்றாள். நான் மிச்சத் தேங்காயையும் துருவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று முதல் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவர்கள் வயல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. அறுக்கலாமா என்று கேட்கப் போனவர்களிடம், "அவரைத் துரத்திட்டு அந்த நெல்லை நான் திங்கவா?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். முந்தாநாள் அவளைக் கிணற்றடியிலிருந்து அவள் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

என் கணவர் விளக்கை ஏன் கழற்றினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. விளக்கு கெட்டுப்போகவில்லை என்பதும், அன்று இரவு அது வயலில் இல்லை என்பதும், என் வீட்டில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று காலை என் கணவர்தான் என்னை மோட்டார் சைக்கிளில் இங்கே அழைத்துவந்தார். வழியில் வண்டியை நிறுத்தி வாழைப்பழ வறுவல் வாங்கிக் கொடுத்து, "எரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். மத்ததெல்லாம் தெரியாதுன்னுடு. வீடும் வயலும் நம்மகிட்டயே இருக்கும்" என்றார். நான் சரி என்றேன். அவர் இப்போது வாசல் மரத்தடியில் வண்டியோடு காத்திருக்கிறார். இதை எனக்குப் படித்துக் காட்டும்போது கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் அவர் வண்டியில் திரும்பிப் போக விரும்பவில்லை. என்னைக் கஸியெம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டால் போதும். விளக்கு எரியவில்லை என்பதை வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே அவளிடம் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவள் என்னை உள்ளே விடுவாளா என்பது தெரியாது.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதைக் கதவு சாத்திய அறையில் படிக்கக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. எல்லாம் நடந்தது.

(ஒப்பம்) வாரியெம்